கம்ப்யூட்டர் அறை வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு

கரமனையில் பஸ் ஏறி என் முன் இருக்கையில் உட்கார்ந்த இரண்டு பெண்களில் இளையவள்தான் அதைச் சொன்னாள்.

"மாமி, சாருக்க செருப்பு இப்பவும் கம்ப்யூட்டர் ரூம் வாசல்லதான் கெடக்கு."

"ஆஸ்பத்திரியெல்லாம் தேடினேனே! எங்காத்துக்காரரை வெறுங்காலோடயா தூக்கிண்டு போனேள்?"

"தூசு போகக்கூடாதுன்னு எல்லாரும் வெளியே கழட்டிட்டுத்தானே உள்ள போவோம். சார் மெஷின் முன்னாலயே விழுந்துட்டாங்க. அப்படியே தூக்கிட்டு ஓடினோம். சார் போயி ஒரு மாசமாச்சு. அதை எடுக்க யாருக்கும் கை வரல்ல."

பழவங்காடியில் நான் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை.

"அவர் கம்ப்யூட்டர்ல போட்டிருந்த கணக்கு என்னாச்சு? குழாய்க்குள்ள சூடு எப்படிப் பரவறதுன்னு ரெண்டு வருஷமா அதையே சொல்லிண்டிருந்தாரே."

"அதை நிறுத்தல்ல மாமி. கரண்ட் போனப்பல்லாம் விட்ட எடத்துல இருந்து திரும்ப ஓட்டினோம். நேத்து முடிஞ்சுது. சார் நெனச்ச விடைதான் வந்திருக்கு."

மாமி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

"கணக்கு முடியாம வெளில வரமாட்டேன்னு தினம் போன் பண்ணுவார். இப்போ முடிஞ்சுடுத்தோல்லியோ? செருப்பை எடுத்துண்டு வந்துடும்மா."