சுயம்புக்கனி தோண்டின கல்

பனைக்குப் பனை பேர் வச்சுக் கூப்பிட்ட காலம் அது. அப்போ நம்ம கொம்பன்விளையில சுயம்புக்கனின்னு ஒருத்தி இருந்தாளாம். எங்க பூட்டனோட கூடப்பிறந்தவ. புருசன் பனையேறி, இவ கருப்பட்டி காய்ச்சுறவ. எழுத்து ஒண்ணு தெரியாது. நினைச்சதை முடிக்காம உக்காரமாட்டாளாம்.

ஊர்ல ஒரு ஓலைக்கொட்டகை. அதுதான் ஸ்கூல். தாசையா வாத்தியார் ஒருத்தர், பிள்ளைங்க முப்பத்தொண்ணு. அந்தக் காலத்துல ஆரம்பப் பள்ளிக்கூடமெல்லாம் தாலுகா போர்டு கையில. வாத்தியாரை அனுப்புறதும் போர்டு, கரும்பலகை தாரதும் போர்டு, வேண்டாம்னு மூடுறதும் போர்டு. இன்ஸ்பெக்டர் வந்து பேர் கூப்பிடுவார். இருபது பேர் ஆஜர் இல்லேன்னா ஸ்கூலை எடுத்துருவாங்களாம்.

நமக்கோ தை பிறந்தா ஊரே கிளம்பிரும். பதினோரு மைல் தள்ளி செந்தேரி. சிவந்த மணல் மேடு, கண்ணுக்கெட்டுன மட்டும் பனை. அங்கனயே விடிலின்னு ஓலைக்குடிசை போட்டு, கருப்பட்டி காய்ச்சி, ஆடி வரைக்கும் அங்கனயே கிடக்கணும். பிள்ளைங்களை யாருகிட்ட விட்டுட்டுப் போக? கூடவே போயிரும். மாசியில இன்ஸ்பெக்டர் வந்து பாத்தாராம். கொட்டகைக்குள்ள வாத்தியாரும் ஒரு ஆடும். ஆட்டை ஆஜர்னு எழுத முடியாதுல்லா.

கடுதாசி வந்துதாம். ஆனியில மறுபடி வருவோம், இருபது பேர் இல்லேன்னா ஸ்கூல் ரத்து.

சுயம்புக்கனி மக பவளம் அப்போ ரெண்டாம் வகுப்பு. விடிலிச் சுவத்துல கரித்துண்டால ஆத்தா பேரை எழுதிக் காட்டியிருக்கா. தன் பேர் இம்புட்டு நீளமான்னு இவ நின்னு பாத்தாளாம். ஸ்கூல் போச்சுன்னா பவளத்துக்கு விறகுக்கட்டுதான்.

"வாத்தியாரய்யா, நீங்க தேரிக்கு வாரீங்களா?"ன்னு கேட்டாளாம். அவர் பலகையைத் தலையில தூக்கிட்டு வரத் தயார். போர்டு ஒத்துக்கிடணுமே.

நடந்தா. நம்ம போர்டு ஆபீஸ்ல, தேரி அடுத்த போர்டு எல்லைம்மா, அங்கன நடத்துறது எங்க ரிஜிஸ்தர்ல ஏறாதுன்னாங்களாம். அடுத்த போர்டுக்கு நடந்தா. பிள்ளைங்க பேரு அவங்க ரிஜிஸ்தர்ல கிடக்கு, எங்களுக்கென்னன்னாங்களாம். திரும்ப நம்ம போர்டுக்கே நடந்தா.

"சரி ஐயா, தேரியில உங்க எல்லை எங்கன முடியுது? அதைச் சொல்லுங்க."

கிளார்க்கு எல்லைப் படத்தை விரிச்சுப் பாத்தாராம். பாத்தா, தேரி முழுசும் அடுத்த போர்டு இல்லை. தெக்கு ஓரம் நம்மளுது. சாஸ்தா கோயில் பலிபீடத்துலருந்து நேர் வடக்க நூத்தி இருபது சங்கிலி, சங்கிலிக்கு அறுபத்தாறு அடி. அங்கன ஒரு எல்லைக்கல். "கல்லு மணலுக்குள்ள போயி எத்தனையோ வருசம். கண்ணால கண்டவன் இல்லை"ன்னு சிரிச்சாராம் கிளார்க்கு.

இவ சிரிக்கலை.

பனைநார்க் கயித்துல அறுபத்தாறு அடி அளந்து முடிச்சு போட்டா. நூத்தி இருபது தடவை அளந்தா. அந்த இடத்துல தோண்டுனா. மதியத்துக்கு மேல அடுப்பு அணைஞ்சதும் பொம்பளைங்க ஓலைப்பெட்டியோட வருவாங்களாம். ஒரு பெட்டி அள்ளுனா அரைப்பெட்டி சரிஞ்சு விழும். ஆம்பளைங்க பனை உச்சியிலருந்து கேலி பண்ணுனாங்களாம்.

"ஏளா சுயம்பு, கிணறா வெட்டுத? தண்ணி வந்தா ஒரு சத்தம் குடு."

ஒரு நாள் தோண்டுனா. இல்லை. ரெண்டு நாள் தோண்டுனா. இல்லை. மூணாம் நாள் தாசையா வாத்தியார் வந்து பாத்துட்டு, மேடு ஏறி இறங்கி அளந்திருக்கியேம்மா, சர்வேக்காரன் கயித்தை மட்டமாப் பிடிச்சுல்லா அளப்பான், கல்லு இன்னும் வடக்க இருக்கும்னாராம். மூணு நாள் தோண்டுன குழி வீண். கயித்தைச் சுருட்டிட்டுப் பலிபீடத்துக்கே போயி, மட்டமாப் பிடிச்சு முதல்லருந்து அளந்தா.

அஞ்சாம் நாள் பெட்டி விளிம்பு டக்குன்னு கல்லுல இடிச்சுதாம்.

விடிலியெல்லாம் வடக்க இருந்துதுல்லா, அதனால கல்லுக்குத் தெக்க ஒரே ஒரு முழம் தள்ளி, கொட்டகை போட்டாங்க. பங்குனியிலருந்து பாடம் நடந்துது.

ஆனி வந்துது. பாழாப்போன அம்மையும் கூடவே வந்துது. பதினோரு பிள்ளைங்க வேப்பிலைக்குள்ள படுத்துட்டுது. மிச்சம் சரியா இருபது.

இன்ஸ்பெக்டர் ஊருக்கு வந்து, ஸ்கூல் தேரியில நடக்குன்னு வாத்தியார் கதவுல ஒட்டுன சீட்டைப் பாத்து, மாட்டுவண்டியில வந்தாராம். முழங்கால் மட்டும் செம்மண்ணு, முகத்துல கடுகடுப்பு. யாரைக் கேட்டு இங்க ஸ்கூல் போட்டீங்கன்னாராம்.

"அனுமதி கேக்கலைங்கய்யா. எல்லை எங்கனன்னு கேட்டோம். இந்தா கல்லு. இந்தப் பக்கம் உங்களுது. பேரைக் கூப்பிடுங்க"ன்னாளாம் சுயம்புக்கனி.

அவர் குனிஞ்சாராம். கைக்குட்டையால மணலைத் தட்டி, கல்லுல வெட்டியிருந்த நம்பரைக் கையில இருந்த போர்டு படத்தோட சேத்துப் பாத்தாராம். அப்புறம் ரிஜிஸ்தரை வாங்கிக் கூப்பிட ஆரம்பிச்சாராம்.

பத்தொம்பது ஆஜர். இருபதாவது பேர், பவளம். சத்தமில்லை. மறுபடி கூப்பிட்டாராம். வடக்க மேட்டுலருந்து, குடிக்கத் தண்ணி எடுக்கப் போனவ குடத்தோட ஓடிவந்து, கல்லுக்கு அந்தப் பக்கம் நின்னு மூச்சிரைக்க "ஆஜர்"ன்னாளாம்.

இன்ஸ்பெக்டர் பேனாவைத் தூக்கிப் பிடிச்சாராம். "அந்தப் பிள்ளை அடுத்த போர்டுல நிக்குதேம்மா."

சுயம்புக்கனி போனா. குடத்தோட மகளை அப்படியே தூக்குனா. கல்லைத் தாண்டி இந்தப் பக்கம் வச்சா.

"இப்ப எழுதுங்க."

எழுதினாராம்.

காத்து விடுமா? அடுத்த தையில கல்லு மறுபடி மணலுக்குள்ள. கல்லு தெரியலேன்னா கொட்டகை எந்த போர்டுல நிக்குன்னு யார் சொல்ல? மறுபடி தோண்டுனா. வருசா வருசம் தோண்டுனா, சாகுற வரைக்கும். அப்புறம் மத்தவங்க தோண்டுனாங்க. அந்த போர்டெல்லாம் போச்சு, இன்னைக்கு ரெண்டு பக்கமும் ஒரே கல்வி ஆபீசர். ஆனாலும் அந்த இடத்துக்குக் கல்தோண்டின்னுதான் பேரு. பஸ்ல டிக்கெட்டும் அப்படித்தான் கேக்கோம். தை கடைசி வெள்ளியில வீட்டுக்கு ஒரு பொம்பளை போயி மணலை அள்ளுறோம். சூடம் கிடையாது, பூசை கிடையாது. கல்லு முழுசாத் தெரிஞ்சதும், ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைங்களை ஒவ்வொண்ணா அந்தப் பக்கமிருந்து தூக்கி இந்தப் பக்கம் வைக்கோம். பிள்ளை ஆஜர்னு சொல்லணும். சொல்ற வரைக்கும் இடுப்புலருந்து இறக்கமாட்டோம்.

போன வருசம் ரெண்டாள் ஆழம் போயிருந்துது. இந்த வருசம் காத்து இன்னும் அதிகம். வர்ற வெள்ளிக்கிழமை எல்லாரும் பெட்டியோட வந்துருங்க.