இடத்து மாட்டின் குரல்

புதுச்சேரி, 1958 மார்ச் 11. போலீஸ் ஸ்டேஷனில், வழக்கின் எதிரி சொல்லச் சொல்ல எழுதியது.

என் பெயர் காத்தவராயன். வயது நாற்பத்தாறு. தகப்பனார் பெயர் அம்மாவாசை. கருவடிக்குப்பத்தில் குடியிருந்து, கொஞ்சம் பயிர் செய்தும், டவுனுக்கு வண்டியில் செங்கல் ஏற்றியும் பிழைத்து வருகிறேன். மாட்டு டாக்டர் சாமிக்கண்ணுவை மாடு ஓட்டும் தார்க்குச்சியால் அடித்தது நான்தான். மறுக்கவில்லை. ஏன் அடித்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்.

என்னிடம் ஒரு ஜோடி வெள்ளை மாடு இருந்தது. கொம்பு, உயரம், நடை எல்லாம் அச்சில் வார்த்தது போல ஒன்றாக இருக்கும். என் மனைவி செல்வாம்பாளே சில நாள் தடுமாறிப் போவாள். அப்படித் தேடிப் பிடித்ததில் எனக்குத் தலைகால் தெரியாத பெருமை. நுகத்தில் நிற்கும் பக்கத்தை வைத்து வலத்து மாடு, இடத்து மாடு என்போம்.

தை மாதம் ஒரு வெறிநாய் வலத்து மாட்டை மூக்கில் கடித்துவிட்டது. காயம் ஆறிவிட்டது. இப்போது சில நாளாக அது தண்ணீரைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொண்டது. குரலும் கம்மிப் போயிற்று. அதனால் இன்று காலை இரண்டையும் டாக்டரிடம் ஓட்டிப் போனேன். அவர் பிரெஞ்சுக்காரர் காலத்து ஆள், எல்லோரும் முசியே என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் பார்த்துவிட்டு, "இது தேறாதுப்பா. வெறி புடிச்சி முட்டிக்கிட்டு சாவறதுக்கு, ஊசி போட்டு அனுப்பிடலாம்" என்றார்.

நான் அழுதேன். பிறகு, "ஜோடிய பிரிச்சா இது நிக்காதுங்க முசியே. அதயும் பக்கத்துல கட்டுங்க" என்று நானேதான் கேட்டேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். அவரும் நல்ல யோசனை என்றார். மாடு மிரளக் கூடாது, எச்சிலும் படக் கூடாது என்று இரண்டின் முகத்திலும் கோணி கட்டச் சொன்னார். உடையவன் அழுதால் மாடு கலங்கும் என்று என்னை வெளியே போகச் சொன்னார். அது நியாயமாகத்தான் பட்டது. கம்பவுண்டர் பலராமன் மாடுகளை உள்ளே ஓட்டிப் போய்க் கதவைத் தாழிட்டார்.

அதன் பிறகு உள்ளே ஒரு மாடு கத்தியது. அது இடத்து மாட்டின் குரல். நடந்தது பிறகு கம்பவுண்டர் சொல்லித்தான் தெரிந்தது: மருந்து வாடையிலும் இருட்டிலும் நல்ல மாடு மிரண்டு, நுரை தள்ளித் துள்ளியிருக்கிறது. நோய் மாடோ ஜோடியின் கழுத்தில் தலையைச் சாய்த்துச் சும்மா நின்றிருக்கிறது. கடிவாய் கோணிக்குள் இருந்ததால் துள்ளியதையே வெறி மாடு என்று எண்ணிவிட்டார்கள். நான் கதவை இடித்து, "ஐயா, அது இல்ல, அது இல்ல" என்று கத்தினேன். உள்ளேயிருந்து டாக்டர், "எல்லாரும் இப்பிடித்தான் கத்துறாங்க, பாவம்" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

கதவு திறந்தபோது இடத்து மாடு தரையில் கிடந்தது. வலத்து மாடு கோணியோடு குனிந்து அதன் முதுகைத் தேடிக்கொண்டிருந்தது. அதன் பிறகு அடித்தேன். அடி டாக்டரின் வலது கையில் பட்டு எலும்பு முறிந்தது. அவர் கெட்டவர் இல்லை.

எனக்கு ஒரே ஒரு கோரிக்கை. வலத்து மாடு இன்னும் அங்கேதான் கட்டிக் கிடக்கிறது. அதற்கு இனி ஜோடி இல்லை. ஊசி போடும்போது கைவிலங்கோடாவது என்னைக் கூட்டிப் போய் அதன் தலைப்பக்கம் நிற்க விட வேண்டும்.

இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டும்போது, அங்கே போய்வந்த போலீஸ்காரர் கோவிந்தராசு வந்து, எல்லாம் முடிந்துவிட்டது என்றார். அடங்கி நின்றதா என்று கேட்டேன். "டாக்டருக்குத்தான் கையில கட்டு போட்டுருக்கே. கம்பவுண்டருதான் குத்துனாரு. ஊசி சரியா எறங்கல. நாலு பேரு கயித்த இழுத்துப் புடிச்சோம்" என்றார்.

ஆகையால் மேற்படி கோரிக்கையை அடித்துவிடலாம். மற்றவை யாவும் நான் சொன்னபடியே இருக்கின்றன. யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை.

காத்தவராயன், இடது பெருவிரல் ரேகை.