ராமானுஜம் சார் வண்டிக்கு மேல்பூச்சு

பச்சை வேணாம் சார். மிலிட்டரி வண்டி மாரி இருக்கும்ன்றீங்க, ஆசைதான், ஒத்துக்கறேன். சித்திர மாச வெயில்ல, காருக்குப் பின்னாடி இஸ்துகினு போற அந்தப் பொட்டிக்குள்ள யாரு படுக்கறது? நீங்களும் அம்மாவும் வெந்துபூடுவீங்க. கூரைக்கு வெள்ளதான். சைடுக்கு வேணா உங்க இஷ்டம், சாம்பலு, இளம்பச்சை, இன்னா வேணா குடுக்கலாம். நிக்காதீங்க சார், அந்த ஸ்டூல்ல தூசு கீது, இருங்க தொடைக்கறேன். ஆங், இப்ப உக்காருங்க. கோவளத்துல இன்னிக்குக் காத்தே இல்ல. படகு வேல ஒன்னியும் தொடல நானு, நீங்க வரீங்கன்னு காலைலருந்து சொம்மாதான் கீறேன்.

வெறும் பெயிண்டா? யாரு சொன்னது, யூட்யூப்பா? அவன் ஊர்ல உப்புக்காத்து கீதா? நீங்க கல்பாக்கத்துல முப்பது வருசம் வேல பாத்து ரிட்டயர் ஆனவரு, உப்பு இன்னா பண்ணும்னு நானா உங்களுக்குச் சொல்லணும். வூட்டு கேட்டுக்கு அடிக்கற எனாமல் இங்க ரெண்டு மழைக்கு மேல நிக்காது. அலுமினியத் தகடா? ஸோக்கா இருக்கும், ரோட்டுல போனா. நீங்க எங்க சார் ரோட்டுல போறீங்க. ஜவ்வாது மலைல கல்லும் முள்ளுமா ஒரு தடத்துல எறக்குவீங்க. ஒரு கிள உரசிச்சின்னா நசுங்கிபூடும், அப்பால ஜாயிண்டு வழியா தண்ணி எறங்கும்.

ஃபைபர்தான் சார். படகுக்காரன் வேற இன்னா சொல்லுவான்னு சிரிக்காதீங்க. பாய் மாரி கண்ணாடி நாரு மேட்டு ரெண்டு லேயரு, நல்லா ரெசின் பசை குடிக்க வெச்சி, மேல பளபளன்னு ஜெல்கோட்டு. அடிப்பக்கமும் மூக்குப்பக்கமும் மட்டும் ரப்பர் மாரி ஒரு கெட்டிக் கோட்டு, லாரித் தொட்டிக்குள்ள அடிக்கறாங்களே, அது. டயருலருந்து கல்லு தெறிச்சா தாங்கும். பலகைய வெட்டின ஓரம், ஸ்குரூ எறங்கற ஓட்ட, அங்கல்லாம் மொதல்லயே ரெசின் வெச்சிடணும். தண்ணி நொழையறது அங்கதான்.

ப்ளைவுட்டுப் பலகைய நானே வந்து எடுத்துத் தரணுமா? வரலாம், செங்கல்பட்டு இன்னா தூரம். அத்த அப்பால பேசிக்கலாம் சார், மொதல்ல டீ குடிங்க. சைதூன், சாருக்கு சக்கர கம்மியா. எம் பொண்டாட்டி எங்கிட்டப் பேசி ஒரு வாரம் ஆவுது சார். அது வேற கத. இல்ல, வேற கத இல்ல. சொல்றேன், இருங்க.

மாப்ள பேர ஏன் சார் இப்ப இஸ்கறீங்க. புது வண்டில அவரு கையே படக்கூடாதுன்றீங்க. படாத கையா சார் அது? மொத வண்டிக்கு மூணு மாசம், ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம மறைமலைநகர்லருந்து பைக்ல வந்து அறுத்தவரு, எழைச்சவரு அவரு. உங்களுக்கு முட்டி வலின்னு, வண்டிக்கு அடில மல்லாந்து படுத்து போல்ட்டு முடுக்கினது மோகன் தம்பிதான். நான் கண்ணால பாத்திருக்கேன்.

தீபாவளிக்கும் வரலயா? உங்க பொண்ணு, துர்காதேவி பாப்பா மட்டுமாவது? புருசனுக்கு மரியாத இல்லாத வூட்டுக்கு நானும் வரமாட்டேன்னு சொல்லிடுச்சா. பேரன ஃபோன்ல பாக்கறதோட சரியா. அம்மா இன்னா பண்றாங்க, சாப்டறாங்களா ஒழுங்கா? அய்யோ.

போன வருசம் அந்த நாளு எனக்கு அப்டியே ஞாபகம் கீது. மலைல பின்கதவு கழண்டு கையோட வந்துச்சின்னு வண்டிய நேரா இங்கதான் இஸ்துகினு வந்தீங்க, நீங்களும் மாப்ளயும். மேல பாத்தா நான் ஒட்டின ஃபைபரு புதுசு மாரி மின்னுது. ஒரு மூலைல அறுத்துத் தொறந்தேன். உள்ள ப்ளை கறுத்துபோய், ஊறப்போட்ட ரொட்டி மாரி பிச்சிகினு வருது. கண்ட ப்ளைய வாங்கியாந்து என் தலைல கட்டிட்டியேன்னு மாப்ளயக் கேட்டீங்க. கரைல வலை பிரிச்சிகினு இருந்தவங்க அத்தினி பேரும் திரும்பிப் பாக்கறாங்க. அப்பால எம் பக்கம் திரும்பினீங்க. அமீரு, நீ தொழில் தெரிஞ்சவன், நீ சொல்லு, ப்ளை கோளாறுதானேன்னீங்க. அப்டித்தான் சார் தெரியுதுன்னேன் நானு.

போன வெள்ளிக்கெழம தொழுதுட்டு வந்து சோத்துல கைய வெக்கறேன், மோகன் தம்பி வாசல்ல நிக்கறாரு. உள்ள கூப்டா வரல. நின்னுகினே சொல்றாரு, மாமா புதுசா வண்டி கட்டப் போறாராம், நீங்களே கூடப் போய் நல்ல ப்ளையா பாத்து எடுத்துக் குடுங்க, நான் வந்தா அவருக்குப் புடிக்காதுன்னு. அதோட வுட்டாரா? அண்ணே, என்னால உங்க வேலைக்கும் கெட்ட பேரு வந்துடுச்சி, மன்னிச்சிக்குங்கன்னாரு. ரெண்டு கையும் சேத்துக் கும்புட்டாரு சார்.

நான் இன்னா பண்ணேன் தெரியுமா? அவரு தோள்மேல கைய வெச்சேன். வுடு தம்பி, தெரியாம நடந்ததுதானன்னேன். மன்னிச்சி அனுப்பிட்டேன் சார், நானு, அவர. சைதூன் கதவாண்ட நின்னு கேட்டுகினு இருந்தா. அவரு பைக்கு சத்தம் போனதும் எம் முன்னாடி இருந்த தட்ட எடுத்துகினு உள்ள போய்ட்டா. அன்னிலருந்துதான் பேச்சு இல்ல. அவளுக்குத் தெரியும். மொத வண்டிக்கு ஃபைபர் ஒட்டின அந்த ஐப்பசில எங்கூட தார்ப்பாயப் புடிச்சிகினு நின்னவ அவ.

ப்ளை நல்ல ப்ளைதான் சார். மாப்ள வாங்கியாந்தது மொதல்தரமான சரக்கு.

பத்து நாளு விடாத மழ. தார்ப்பாயி பறந்து உங்க பொட்டி பூரா நனஞ்சிபூச்சி. ஒரு மாசமாவது காய வெக்கணும். நீங்க அவசரப்படுத்தல, நிதானமா செய்யி அமீருன்னுதான் சொன்னீங்க. புயலுக்கு ஒடஞ்ச படகுங்க பதினொன்னு வாசல்ல நின்னுகினு இருந்துச்சி, உங்க வண்டிய சீக்கிரம் தள்ளிவுட்டா போதும்னு இருந்துச்சி எனக்கு. ஈரம் கீதான்னு பாக்கறதுக்கு நாங்க ஒரு ப்ளாஸ்டிக் ஷீட்ட நாலு ஓரமும் டேப்பு ஒட்டி வுட்டுருவோம். மறுநாள் உள்பக்கம் வேர்த்திருந்தா அந்தப் பலகைய தொடக்கூடாது. வேர்த்திருந்துச்சி சார். துணியால தொடச்சிட்டு மேட்ட விரிச்சி ரோலர ஓட்டிட்டேன். உள்ள இருந்த தண்ணிக்கு வெளிய வர வழி இல்லாம அடச்சது நான்தான்.

திட்டுங்க சார். ரெண்டு அறை வுட்டாக்கூட வாங்கிக்கறேன். புது வண்டி எங்கிட்ட வேணாம், முட்டுக்காட்டுல நல்ல ஆளு கீறாரு, நானே கூட்டிகினு போறேன். நேத்து மாப்ளைக்கு ஃபோன் போட்டேன். சொல்ல வாய் வரல, பையன் நல்லா கீறானான்னு கேட்டுட்டு வெச்சிட்டேன். அதான் கலரு பாக்கலாம் வாங்கன்னு உங்கள வரச் சொன்னது.

உங்க ஃபோன்லருந்து போடுங்க சார். உங்க பேரப் பாத்தா மொத ரிங்குலயே எடுத்துருவாரு, ஒரு வருசமா அதுக்குத்தான் காத்துகினு கீறாரு. நீங்க ஒன்னியும் பேச வேணாம், எங்கிட்டக் குடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. சைதூனும் கேக்கட்டும்.