கடைசி நம்பர்

…நடுவருங்களா அவங்க? பிள்ளை கண்ண மூடுனா, பேச்சு மறந்துபோச்சுன்னு எழுதிக்கிறதா? நீங்களே சொல்லுங்க. கொஞ்சம் தள்ளி உக்காருங்க, உங்க பை இடிக்குது. லால்குடிக்குத்தானே? நானும் அங்கதான். சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஏறுனதுலேருந்து யார்கிட்டயாவது கொட்டிரணும்னு பாத்தேன், நீங்க ஆப்புட்டீங்க.

எம்மக பேட்ரிசியாங்க, ஒம்பதாவது. இன்னிக்கு சொற்போர் போட்டி. ரேடியோவா, பத்திரிகையான்னு தலைப்பு. நாங்க ரேடியோ கட்சி. செயிச்சா மெட்ராஸுல போயிப் பேசலாம். அவ இன்னும் ரயிலே ஏறுனதில்லீங்க, ரெண்டு மாசமா அதே பேச்சு.

உங்க மகளுக்கும் பேச வருமா? தலையாட்டுறீங்க… அப்ப காதுல போட்டுக்கங்க. மொத நாளே தொண்டைக்குப் பனங்கற்கண்டு. மோரு கூடவே கூடாது. முன் வரிசையில உக்காராதீங்க, நம்ம வாயசையறதப் பாத்தா பிள்ளைக்கு வரி மாறிப்போவும். நான் தூணுக்குப் பின்னாடி நின்னேன். அங்கருந்தும் வாயசைச்சேன், அது வேற கதை.

முக்கியமா, கடைசியா பேசணுங்க. கடைசியா கேட்டதுதான் நடுவரு காதுல நிக்கும். இவ சீட்டெடுத்தா ரெண்டாம் நம்பரு. விட்டேனா நானு? டீச்சரம்மாவப் புடிச்சு, கெஞ்சிக் கூத்தாடி, கடைசி நம்பர் எடுத்த பிள்ளையோட மாத்த வச்சேன். யாரோ மஞ்சப் பாவாடை கட்டுன பிள்ளை, சரிங்கன்னு ஒரே வார்த்தையில குடுத்துருச்சு. வெவரமில்லாத பிள்ளை போலன்னு நெனச்சேன்.

எம்மக எழுந்தா. என்னா பேச்சுங்க அது… சபையே சிரிக்குது. ரெண்டு நிமிசமாச்சு, மூணாச்சு… பக்கத்து மாதா கோயில்ல டாண் டாண்ணு மணி. பன்னண்டு. பட்டுன்னு நிறுத்திட்டா. சிலுவை போட்டு, கண்ண மூடி, கைகூப்பி நிக்கிறா.

நாங்க வேதக்காரங்க இல்லியா, பன்னண்டு மணி அடிச்சா திரிகால செபம் சொல்லணும். சோத்துல கை இருந்தாலும் எழுந்திரிக்கணும்னு நாந்தான் பழக்குனேன். ஒரு தடவை மறந்துட்டான்னு தொடையில கிள்ளிக்கூட வச்சேன். அவளும் செபத்த நிதானமா சொல்லி முடிச்சு, "ஆகவே"ன்னு ஆரம்பிக்கிறா… நேரம் ஆயிருச்சுன்னு மேசை மணிய அடிச்சுட்டாங்க.

சிரிங்க, சிரிங்க. எனக்கே சிரிப்பு வருது. அந்நேரம் தூணுக்குப் பின்னாடி நான் என்ன செஞ்சுகிட்டிருந்தேங்குறீங்க? நானும் கண்ண மூடி செபந்தான்.

ரெண்டாம் நம்பர்லயே விட்டிருந்தா பத்தரைக்கே பேசி முடிச்சிருப்பா. நாந்தாங்க கெடுத்தேன். பரிசு குடுக்குறதப் பாக்க மனசில்லாம வெளிய வந்து நின்னுட்டேன். அவ அழுவான்னு பாத்தா, அந்தா முன் சீட்டுல யாரோ ஒரு பிள்ளையோட கடலை தின்னுகிட்டு இளிக்கிறா. அந்தப் பிள்ளை… மஞ்சப் பாவாடைல்ல அது?

ஏங்க எழுந்திரிக்கிறீங்க? கொள்ளிடம் பாலமே இன்னும் வரலியே. இருங்க… பைக்குள்ள என்னங்க அது, பளபளன்னு, ரெண்டு பக்கமும் காது வச்சு…

உக்காருங்கம்மா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். பிள்ளைய மெட்ராஸுக்கு அனுப்பிவைங்க, அங்க யாராவது நம்பர் மாத்திக் கேட்டா உடனே குடுக்கச் சொல்லுங்க. அந்தக் கப்ப மட்டும் இப்படிக் குடுங்க. லால்குடி வர்ற வரைக்கும் எம்மடியில இருக்கட்டும்.