பேச்சு சீட்டு

எனக்கு இயல்பிலேயே அதிகம் பேச வராது ஐயா. கல்யாணமான புதிதில், மாப்பிள்ளைக்குப் பல்வலி ஏதாவதா என்று என் மாமனார் மகளிடம் தனியாக விசாரித்தாராம். அப்படிப்பட்டவனைத்தான் அந்த வேனில் பேசுவதற்கென்றே உட்கார வைத்தார்கள். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

எங்கள் வீடுகள் நகரத்தின் ஒரு கோடியில். தொழிற்சாலை நெடுஞ்சாலையில் வெகுதூரம் தள்ளி இன்னொரு கோடியில். மெத்தை செய்கிற தொழிற்சாலை, நான் அதில் ஸ்டோர் கிளார்க். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், நாங்களே சிரித்திருக்கிறோம். ஊரார் தூங்குவதற்கு மெத்தை அனுப்புகிறவர்கள், விடிவதற்கு முன்பே எழுந்து, பாதிக் கண்ணை மூடிக்கொண்டு தெருமுனையில் நிற்போம். ரயிலிலும் போகலாம். ஆனால் காலை ரயிலில் உட்கார இடம் கிடைத்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. அடுத்தவர் முழங்கை நம் விலாவிலும் நம் பை அடுத்தவர் முதுகிலுமாக ஒற்றைக்காலில் நின்று, இறங்கி, மறுபடி ஒரு பஸ் பிடிக்க வேண்டும். அதனால்தான் அக்கம்பக்கத்துக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு வேன் பேசிக்கொண்டோம்.

டிரைவர் தங்கமான பிள்ளை. அவன் தூங்குவதுதான் கிடையாது. காலையில் எங்களைக் கொண்டுபோய் விடுவான், பகலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், சாயங்காலம் மறுபடி நாங்கள், ராத்திரியானால் விமான நிலையத்துக்குச் சவாரி. நடுவில் எங்காவது மரத்தடியில் ஸ்டியரிங்கில் தலை சாய்ப்பதுதான் தூக்கம். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஷிப்டு மணி அடித்துவிட்டால் கேட்டை மூடிவிடுவார்கள் என்பதும் தெரியும். ஆகவே நெடுஞ்சாலையில் ஏறியதும் முள் நூறைத் தாண்டியாக வேண்டும். கொஞ்சம் குறைந்தால் போதும், பின்னாலிருந்து யாராவது கண்ணைத் திறக்காமலே, "அண்ணே, கொஞ்சம் மிதிங்க" என்பார்கள். சாலையில் எண்பது என்று போர்டு வைத்திருக்கிறீர்கள். எங்கள் வேனில் அந்த போர்டைப் பார்க்க நானும் டிரைவரும்தான் விழித்திருப்போம்.

முதல் நாள் நான் கடைசியாக வந்து ஏறினேன். முன் சீட்டு மட்டும்தான் காலியாக இருந்தது. உட்கார்ந்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்கள். முன்னால் இருப்பவர் தூங்கக்கூடாது, டிரைவரோடு பேசிக்கொண்டே வர வேண்டும். அதற்குப் பெயரே பேச்சு சீட்டு. அன்றைக்கு ஒருநாள்தானே என்று பேசினேன். மறுநாள் நான் முதலாவதாக வந்து நின்றபோதும் அந்த சீட்டுதான் எனக்காகக் காத்திருந்தது. வருடக்கணக்கில் அப்படியே காத்திருந்தது.

வேலை என்று வந்துவிட்டால் ஒழுங்காகச் செய்கிறவன் நான். எந்தப் பேச்சு ஆளை எழுப்பும், எது சொக்க வைக்கும் என்று போகப் போகக் கற்றுக்கொண்டேன். கேள்வி கேட்டால் டிரைவர் விழித்துக்கொள்வான், கதை சொன்னால் கண் செருகும். அரசியல் கொஞ்ச தூரம் தாங்கும். அவனுடைய மச்சான் பேச்சை எடுத்தால் போதும், தொழிற்சாலை வாசல்வரை கவலை இல்லை. மச்சான் இவனுடைய பைக்கை இரவல் வாங்கிப்போனவர், திருப்பித் தரவே இல்லை. இமை கொஞ்சம் கனப்பது தெரிந்ததும் நான் மெதுவாகக் கேட்பேன், "தம்பி, மச்சான் அந்த பைக்கைக் குடுத்துட்டாரா?"

"எங்க சார் குடுக்குறாரு? கேட்டா, நீதான் வேன் வெச்சிருக்கியே, உனக்கு எதுக்கு பைக்குங்கிறாரு! நீங்களே சொல்லுங்க, நியாயமா இது?"

அவ்வளவுதான், முதுகு நிமிர்ந்துவிடும். பின்னால் குறட்டைச் சத்தம் இடைவிடாமல் கேட்கும். ஆளுக்கொரு பக்கம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, வாயைத் திறந்தபடி, நிம்மதியாகத் தூங்குவார்கள். எனக்கு அந்தத் தூக்கத்தின் மேல்தான் ஆசை. வேறு எதற்கும் நான் ஆசைப்பட்டவன் இல்லை.

வீட்டுக்குப் போனால் வாயைத் திறக்கத் தெம்பு இருக்காது. இருந்த பேச்சையெல்லாம் சாலையிலேயே கொட்டிவிட்டுத்தானே வருகிறேன். "வண்டியில பேசுறதுல பத்துல ஒரு பங்கு என்கிட்ட பேசினா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று மனைவி ஆரம்பத்தில் சண்டை போட்டாள். பிறகு சண்டையை விட்டுவிட்டாள். கொஞ்ச நாளில் தட்டை வைத்துவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொள்ளப் பழகிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் படுத்தால் தூக்கம் வராது. கண்ணை மூடினால் சாலை ஓடும், பக்கத்தில் யாரோ கண்ணயர்வது போலிருக்கும், வாய் தானாக மச்சானைப் பற்றிக் கேட்கும். அவள் தலையணையை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

நீங்கள் கொட்டாவியை அடக்குகிறீர்கள். பரவாயில்லை, நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. என் குரல் அப்படிப்பட்டது.

இத்தனை வருடத்தில் எனக்கு நன்றி என்று சொன்னவர் ஒரே ஒருத்தர். தொழிற்சாலையின் முதலுதவி அறையில் இருக்கும் நர்ஸம்மா. எங்கள் வேனில்தான் வருவார், எனக்கு நேர் பின் சீட்டு. ஒருநாள் இறங்கும்போது நின்று, "தினமும் நீங்க ஒருத்தரே பேசிட்டு வர்றீங்க சார். எங்களை எல்லாம் பத்திரமா கொண்டுவந்து சேக்குறது நீங்கதான். தேங்க்ஸ்" என்றார். அன்று முழுக்க ஸ்டோரில் என்னவோ ஒரு தெம்பு இருந்தது. இந்த வயதில் இப்படிச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்தத் தைரியத்தில்தான், முறை வைத்துக்கொள்வோமா, வாரத்துக்கு ஒருவர் முன்னால் உட்காருங்களேன் என்று எல்லோரிடமும் கேட்டேன். அதற்கென்ன தாராளமாக என்றார்கள். முதல் வாரம் தொப்பியின் முறை. அவர் தரப் பரிசோதகர், எப்போதும் தொப்பியை மூக்குவரை இழுத்து விட்டுக்கொண்டு தூங்குவதால் அந்தப் பெயர். அன்றைக்கு நான் பின் சீட்டில், ஜன்னலோரத்தில் சாய்ந்தேன். ஐயா, அந்தத் தூக்கத்தை என்னவென்று சொல்வது? கிணற்றில் கல் விழுந்த மாதிரி விழுந்துவிட்டேன்.

ஒரு பெரிய உலுக்கலில் கண் விழித்தேன். வேன் நடுத்தடுப்பை உரசிக்கொண்டு போய், குலுங்கி, மறுபடி சாலைக்கு வந்து நின்றது. தொப்பியும் தூங்கியிருக்கிறார், டிரைவரும் தூங்கியிருக்கிறான். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிறகு தொப்பி திரும்பினார், டிரைவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"ஏன் சார், உங்களுக்கே நல்லா இருக்கா? நீங்க முன்னாடி உக்காந்திருந்தா இப்படி ஆயிருக்குமா? எங்க உயிரோட விளையாடுறீங்களே."

யாராவது மறுத்துச் சொல்வார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் சொல்லவில்லை. "புள்ளைகுட்டிக்காரங்க சார் நாங்க" என்றது ஒரு குரல். நர்ஸம்மா மட்டும், "பாவம், அவரும் மனுஷர்தானே" என்றார். அது யார் காதிலும் ஏறவில்லை. மறுநாள் முன் சீட்டின் கதவை எனக்காகத் திறந்து வைத்திருந்தார்கள். தொப்பிதான் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டு ஏறிக்கொண்டேன்.

எனக்குக் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபப்பட்டால் ஆறிவிடும். எனக்கு வந்தது அலுப்புதான். எலும்புக்குள் இறங்கிவிட்ட அலுப்பு. இவர்கள் ஒரே ஒருமுறையாவது பயந்து விழிக்க வேண்டும், தாங்கள் தூங்கிக்கொண்டு வந்தது எதன் மேல் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தேன். அந்த உலுக்கலைப் போல இன்னொரு உலுக்கல், அவ்வளவுதான் நான் நினைத்தது.

அந்தக் காலையில் டிரைவர் வரும்போதே கண் சிவந்திருந்தது. ராத்திரி முழுக்க விமான நிலையச் சவாரி, வீட்டுக்கே போகவில்லை என்றான். நான் பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன். சரியாக மாட்டியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்தும் பார்த்துக்கொண்டேன். நெடுஞ்சாலையில் ஏறும்வரை சும்மா இருந்தேன். பிறகு, "பனிக்காத்து அடிக்குது தம்பி, கண்ணாடிய ஏத்திக்கிறேன்" என்று ஏற்றிவிட்டேன். "பின்னாடி தூங்குறாங்க, பாவம்" என்று பாட்டையும் நிறுத்தினேன்.

அப்புறம் பேச ஆரம்பித்தேன். கேள்வி எதுவும் கேட்கவில்லை. எங்கள் ஸ்டோரில் பஞ்சு மெத்தையை எப்படி அடுக்குவோம் என்று சொன்னேன். முதல் வரிசையில் கனமானது, அதற்கு மேல் கொஞ்சம் மெல்லியது, அதற்கு மேல் அதைவிட மெல்லியது. இரண்டாவது வரிசையிலும் அப்படித்தான். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு தாள், மெத்தென்று வைக்க வேண்டும், சத்தம் வராது. இப்போது உங்களிடம் பேசுகிற இதே குரலில் சொன்னேன். "உம்" என்றான். பிறகு "ம்" என்றான். பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

தூங்குகிறவன் காலுக்குப் பாரம் அதிகம். கால் தானாக அழுத்த, முள் மெல்ல ஏறியது. நூற்றுப் பத்து, அதற்கும் மேலே. பின்னால் யாரும் மிதிக்கச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. தூரத்தில் சாலையோரமாக ஒரு லாரி நிற்பது தெரிந்தது. சக்கரம் பழுதாகியிருக்க வேண்டும், பின்னால் மரக்கிளையை ஒடித்துப் போட்டிருந்தார்கள். எங்கள் வேன் அந்தப் பக்கமாகச் சாயத் தொடங்கியது. மச்சான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது என் நாக்கின் நுனியில்தான் இருந்தது.

நான் மூன்றாவது வரிசையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். யாராவது ஒருவர் விழித்து, ஒரு குரல் கொடுத்தால் நிறுத்திவிடலாம் என்று கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். தொப்பி மூக்குவரை இறங்கியிருந்தது. நான் காலை முன்னால் உதைத்து ஊன்றிக்கொண்டேன்.

நான்கு பேர் போய்விட்டார்கள், தொப்பியும் அதில் ஒருவர். மற்றவர்கள் இன்னும் கட்டிலில் கிடக்கிறார்கள். எனக்கு விலா எலும்பு இரண்டில் விரிசல், பெல்ட் பிடித்த இடத்தில். டிரைவருக்கு ஒரு கால் இல்லை. அவன் உங்களிடம் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியும். பக்கத்து வார்டிலிருந்து அவன் அழுவது எனக்குக் கேட்டது. "சார் கடைசி வரைக்கும் பேசிக்கிட்டேதான் வந்தாரு. நான்தான் பாவி, தூங்கிட்டேன்." அவன் பொய் சொல்லவில்லை, நான் பேசிக்கொண்டுதான் வந்தேன். அதனால்தான் இன்று நானாக உங்கள் ஸ்டேஷனைத் தேடி வந்தேன். அவனைச் சிறைக்கு அனுப்பாதீர்கள். தொப்பியின் மனைவி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்களாவது உங்கள் கடமையைச் செய்தீர்களே என்று அழுதார். கண்ணை மூடிக்கொண்டேன், அப்படியே தூங்கிவிட்டேன். அந்த ஆஸ்பத்திரியில்தான் ஐயா, இத்தனை வருடம் கழித்து நன்றாகத் தூங்கினேன்.

ஒரு உலுக்கல்தான் நினைத்தேன். இதை எழுதிக்கொள்ளுங்கள். யாரும் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, லாரி அங்கே நிற்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

சரி. உங்கள் முகம் கேட்பது புரிகிறது. முந்தின நாள் சாயங்காலம் நான் நர்ஸம்மாவுக்குப் போன் செய்தேன். நாளைக்கு வேன் வேண்டாம், ரயிலில் வந்துவிடுங்கள் என்றேன். ஏன் என்று கேட்டார், வேனில் கொஞ்சம் வேலை இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். வெறும் உலுக்கலுக்கு எதற்கு ஒருவரை மட்டும் ரயிலில் வரச் சொல்ல வேண்டும் என்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆஸ்பத்திரியில் என் கட்டில் பக்கத்தில் வந்து நின்று, அவரும் அதைத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திருக்காமல், சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். பிறகு வரவே இல்லை.

அவர் விஷயத்தில் மட்டும் எனக்கு மனசு உறுத்துகிறது. அந்தக் காலை ரயிலில் உட்கார இடம் கிடைத்திருக்காது. பாவம், வழி முழுக்க நின்றுகொண்டேதான் வந்திருப்பார்.