பக்கத்தில் படுப்பவள்

குறட்டை விடுகிற மனிதனோடு படுப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை. சத்தம் கேட்கிறவரைக்கும் பயமில்லை. அது நின்றால்தான் எழும்ப வேண்டும்.

தமிழிலேயே சொல்கிறேன், மொழிபெயர்ப்பாளர் பார்த்துக்கொள்ளட்டும். என் மகள் ராகவியைக் கொண்டு மட்டும் இதை நோர்வேஜியனுக்கு மாற்றாதீர்கள்.

என் கணவர் குலேந்திரனுக்கு அந்தச் சத்தம் நிற்கும். கலியாணம் முடித்து ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் லில்லெஸ்ட்ரோம் வீட்டுக்கு வந்த முதல் கிழமையே கவனித்துவிட்டேன். நல்லாய் இழுத்துக்கொண்டே வந்து, ஒரேயடியாக நின்றுபோகும். நான் தோளில் கை வைத்து அழுத்துவேன். பெரிதாக மூச்சை வாங்கி, "ஓம், ஓம்" என்று சொல்லித் திரும்பிப் படுப்பார். விடிந்தால் அவருக்கு ஒன்றும் ஞாபகமிருக்காது. பகலில் அவர் கதைக்கிற ஆளில்லை. சோறு போட்டால் சாப்பிடுவார், சம்பளத்தைத் தருவார், அவ்வளவுதான். அந்த "ஓம்" மட்டும் எனக்கென்றே வந்தது. அதைப் பிரியம் என்று எடுத்துக்கொண்டேன். வேறு எதை எடுக்க?

உடம்பு வைக்க வைக்க வருத்தமும் கூடியது. ஒஸ்லோவில் வேலை முடித்து ரயில் ஏறினால், லில்லெஸ்ட்ரோமில் இறங்காமல் நித்திரையிலேயே கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போய்விடுவார். பிறகு ஆஸ்பத்திரியில் மெஷின் கொடுத்தார்கள். மூக்கில் மாஸ்க், அதிலிருந்து குழாய், கட்டிலுக்குப் பக்கத்தில் பெட்டி. மூச்சு அடைபடாமல் அது காற்றைத் தள்ளிக்கொண்டேயிருக்கும். ராகவி "பிள்ளையார் அப்பா" என்று கூப்பிடத் தொடங்கினாள். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. ஆனால் நிம்மதியாக நித்திரை கொண்டார். என் கை அவருக்குத் தேவைப்படவில்லை.

2006இல் இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்தார்.

"சோத்தைக் குறைக்கிறதுக்கில்லை. இந்தத் தும்பிக்கையைக் கழட்டத்தான் வயித்தை வெட்டக் குடுக்கிறன்" என்றார். அவர் அவ்வளவு நீளமாகக் கதைத்ததே எனக்குப் புதினம்.

பட்ட பாடு கொஞ்சமில்லை. முட்டைக் கோப்பை அளவு சோறு. ஒரு வாய் கூடினாலும் வியர்த்துக் கொட்டிச் சுருண்டு படுத்துவிடுவார். கலியாண வீடுகளில் சனம் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "அண்ணைக்கு என்ன வருத்தம், எங்களுக்கும் சொல்லக்கூடாதோ" என்று துக்க முகத்தோடு விசாரிக்கும். ஆனால் மனிதர் பாதியாகி, படியேறும்போது பாட்டு முணுமுணுக்கத் தொடங்கினார்.

டொக்டர் எங்களுக்கு ஒளித்துச் சொல்லவில்லை. எடை குறைந்தால் பலருக்கு இந்த மூச்சடைப்புக் குறையும், சிலருக்கு முற்றாகப் போகாது, சோதிக்காமல் மெஷினை விடக்கூடாது என்றார். வீட்டில் வைத்தே சோதிக்க ஒரு சின்னக் கருவியைத் தந்தார். நெஞ்சைச் சுற்றி ஒரு பெல்ட், மூக்கடியில் மெல்லிய குழாய், விரலில் ஒரு கவ்வி. பொத்தானை அழுத்திவிட்டுப் படுத்தால் விடியும்வரை மூச்சைப் பதிந்துகொண்டிருக்கும்.

அன்றிரவு மாஸ்க் இல்லாமல் படுத்தார். எல்லாவற்றையும் நான்தான் மாட்டிவிட்டேன்.

"பாஸ் பண்ணுவன் என்ன?" என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கேட்டார்.

"ஓம்" என்றேன். தலையணையில் தலை பட்டதும் நித்திரையாகிவிட்டார்.

பொத்தானை அழுத்த முன் கொஞ்சம் கேட்டுப் பார்த்தேன். பழைய குறட்டை இல்லை, மெல்லிய சத்தம்தான். பிறகு அது நின்றது. தோளில் கை வைத்தேன்.

"ஓம், ஓம்" என்றார்.

எத்தனை வருடத்துக்குப் பிறகு. கட்டில் விளிம்பில் இருந்து அழுதேன். பெயில் என்று தெரிந்தால் அவர் முகம் எப்படிப் போகும் என்று நினைத்தும் அழுதேன், வேறொன்றுக்காகவும் அழுதேன். அந்த வேறொன்று சந்தோஷம்.

பெல்ட்டைக் கழற்றினேன். அவர் அசையவில்லை. அதை என் நெஞ்சில் கட்டி, குழாயையும் கவ்வியையும் மாட்டி, பொத்தானை அழுத்திவிட்டுப் பக்கத்தில் படுத்தேன். மெஷின் செய்கிற வேலையை நான் செய்யமாட்டேனா என்றுதான் யோசித்தேன். விடியவிடியக் கண் மூடாமல் அவர் மூச்சுக்குக் காவல் இருந்தேன். அப்படித்தான் எனக்கு ஞாபகம். விடிந்ததும், அவர் எழும்ப முன், கருவியை நிறுத்தி, எல்லாவற்றையும் திரும்ப அவருக்கு மாட்டினேன்.

ஒரு குறையுமில்லை என்று முடிவு வந்தது. மெஷினைத் தானே தூக்கிக்கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தார்.

அதன் பிறகு அவருடைய நித்திரை என் பொறுப்பு. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. எங்களுக்கு அது நல்ல காலம்.

ஒருநாள் போன் வந்தது. "இஞ்சாரும், இண்டைக்கு லில்லெஸ்ட்ரோமை விட்டிட்டன். கடைசி ஸ்டேஷனிலை நிக்கிறன்."

"இரும்புச்சத்துக் குறைஞ்சிருக்கும். குளிசையை ஒழுங்காய் எடுங்கோ" என்றேன். அந்த ஆபரேஷனுக்குப் பிறகு இரும்புச்சத்துக் குறைவது உண்மைதான், ஆகவே நம்பினார். பிறகும் போன்கள் வந்தன. டொக்டரிடம் காட்டுவோமா என்று ராகவி கேட்டாள். "டெஸ்ட் எல்லாம் சரிதானே பிள்ளை" என்று அவள் வாயை அடைத்தேன். நித்திரையில் தன் மூச்சு நிற்பது ஒருவருக்கும் தெரியாது. பக்கத்தில் படுப்பவர் சொன்னால்தான் உண்டு.

பெப்ரவரியில் ஒரு காலை, வீடு அமைதியாக இருந்தது. தோளில் கை வைத்தேன். அழுத்தினேன். "ஓம்" வரவில்லை. தோள் குளிர்ந்திருந்தது. அது குளிர்கிறவரைக்கும் நான் பக்கத்தில்தான் கிடந்திருக்கிறேன்.

அந்த இரவில் எதுவும் கேட்கவில்லையா என்று முதல் விசாரணையில் நீங்கள் கேட்டீர்கள். களைப்பு, அன்றைக்கு மட்டும் அயர்ந்துவிட்டேன் என்று சொன்னேன். ராகவிக்கும் அப்படித்தான் சொன்னேன், எனக்கு நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் ஒன்றை விட்டுவிட்டேன்.

முடிவு சொன்ன அன்று டொக்டர் கணினியில் அந்தப் பெல்ட் பதிந்த கோடுகளைக் காட்டிச் சிரித்தார். மூச்சு நல்லாயிருக்கிறது, அதைவிட நித்திரைதான் ஆச்சரியம், படுத்த பக்கத்திலிருந்து விடியும்வரை ஒருதரமும் திரும்பவில்லை, கை கால் அசையவில்லை, பக்கத்தில் இடி விழுந்தாலும் எழும்பாத நித்திரை என்றார்.

அது என்னுடைய நித்திரை. நான் காவல் இருந்ததாக நினைத்த இரவு. அவர் தோளை ஒருதரமாவது அழுத்தியிருந்தால் அந்தக் கோடுகள் அசைந்திருக்கும். முன்னைய வருடங்களிலும் எத்தனை தரம் தன்பாட்டில் திணறித் திணறி மூச்சை மீட்டாரோ தெரியாது. எல்லாம் டொக்டருக்கு முன்னால் அந்தக் கதிரையில் வைத்தே எனக்கு விளங்கிவிட்டது. மெஷின் அன்றைக்கு இன்னும் எங்கள் வீட்டில்தான் இருந்தது.

அவர் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். பகலில் அவர் என் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான்.

"இனி அது தேவையில்லைத்தானே? பக்கத்திலை படுக்கிறவ நீர், நீர் சொல்லும்" என்றார்.

"ஓம்" என்றேன்.