பதினொன்று பத்துக்கு நின்ற பதில்

எனக்கு மேசை வேலை கிடைத்து ஆறு வருஷம்தான் ஆகிறது ஐயா. அதற்கு முன்னால் இதே தொழிற்சாலைக்குக் கேபிள் பள்ளம் வெட்டினேன். கடப்பாரை பிடித்த விரல் கீபோர்டில் இரண்டிரண்டு எழுத்தாக அமுக்கும். இன்ஜினியர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

கழிவுத் தொட்டிக்குள் விஷவாயு ஏறுகிறதா என்று அளக்க ஒரு பெட்டி உண்டு. அது கேபிள் வழியாகச் சொன்னால்தான் சைரன் அடிக்கும். அந்த லைன் செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தது. இன்ஜினியரிடம் சொன்னேன்.

"எப்போ போச்சு, எப்போ வந்துச்சு? நேரத்தோட காட்டுய்யா. பள்ளம் வெட்டுறவன் கண்ட கனவுக்கெல்லாம் கேபிள் மாத்த முடியுமா?"

நியாயமான கேள்விதான். பிங் என்று ஒரு கட்டளை இருக்கிறது. நொடிக்கொரு தரம் பெட்டியை 'இருக்கியா' என்று கேட்கும். அது 'இருக்கேன்' என்று சொல்லும். பதில் தவறினால் தெரியும், எப்போது தவறியது என்பது தெரியாது. ஒரு வாரம் முட்டி மோதி, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் மணி, நிமிஷம், நொடி விழும்படி செய்தேன். யாரும் சொல்லித் தரவில்லை.

பதினெட்டு நாள் ஓடவிட்டேன். தினமும் பதினொன்று பத்துக்குப் பெரிய கிரேன் கிளம்பும், லைன் போய்விடும். ஆறு நிமிஷம். நாளுக்கொன்றாகப் பதினெட்டுத் தாளை இன்ஜினியர் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். காப்பிக் கோப்பையை அதன்மேல் வைத்தார். "ஆறு நிமிஷத்துல எவன் செத்தான்?"

அதையும் நியாயமான கேள்வியாகவே எடுத்துக்கொண்டேன்.

தொட்டியில் இறங்குவது என் தங்கை புருஷன். முறைப்படி இன்ஜினியரைக் கேட்க வேண்டும். அவன் என்னைத்தான் கேட்பான். பதினெட்டு நாளும் 'பதினொன்றரைக்கு மேல் இறங்கு' என்று தள்ளிப்போட்டவன் நான். அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பத்தொன்பதாம் நாள், பதினொன்று ஐந்துக்குப் போன் செய்தான்.

"மச்சான், லைன் உசுரோட இருக்கா? சாயங்காலம் துணிக்கடைக்குப் போகணுமாம். லேட்டாச்சுன்னா உன் தங்கச்சி என்னையே துவைச்சுக் காயப்போட்டுருவா."

"இருக்கு மாப்ள. இறங்கு."

அதில் பொய் இல்லை. அந்த நிமிஷம் லைன் இருந்தது. காலையிலிருந்தே வாயு அளவு ஏறுவதும் என் திரையில் தெரிந்தது. சைரன் அடிக்கும் கோட்டைத் தொட இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அதைப் பற்றி அவன் கேட்கவில்லை.

பதினொன்று பத்து, மூன்றாவது நொடியில் பதில் நின்றது. போன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அடித்திருந்தால் மேலே கயிறு பிடித்து நின்றவன் எடுத்திருப்பான், மாப்பிள்ளையைத் தூக்கியிருப்பான். அப்புறம் அது வெறும் பத்தொன்பதாவது தாள். கோப்பைக்கு அடியில் போக வேண்டியதுதான்.

ஆறு நிமிஷத்துக்கான முந்நூற்று அறுபது 'பதில் இல்லை' வரியும் விழும்வரை உட்கார்ந்திருந்தேன். லைன் வந்ததும் சைரன் அடித்தது. கயிறு அதற்குள் கனத்துவிட்டது.

இன்ஜினியர் இந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கிப் படித்தார். மறுநாளே கேபிளை மாற்றினார்கள்.

தங்கை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் என்றீர்கள். அவளுக்கும் ஒரு பிரதி கொடுங்கள். என் பேச்சை யாரும் கேட்காததால்தான் அவள் புருஷன் செத்தான். நொடி நொடியாக அதில் இருக்கிறது.